சார்ஜென்ட்டின் தொப்பியும் லிஸ் ஹார்டெலின் கால்களும்

இந்த எபிசோட் ஒரு தொப்பியில் ஆரம்பிக்குது.

1948, லண்டன் ஒலிம்பிக்ஸ். உலகப் போர் முடிஞ்சு மூணே வருஷம். குதிரையேற்றத்தில் ட்ரெஸ்ஸாஜ் என்ற பிரிவில் ஸ்வீடன் அணி தங்கம் வாங்கியது. அணியில் மூன்று பேர். அதில் ஒருவர் யெனெல் பெர்சன். ராணுவத்தில் அவர் சார்ஜென்ட். நம்ம ராணுவக் கணக்கில் ஹவில்தார்னு வச்சுக்கோங்க. ஆனா அன்றைய விதிப்படி ஒலிம்பிக்கில் ட்ரெஸ்ஸாஜ் குதிரையில் ஏற, ராணுவத்திலிருந்து வருபவர் கமிஷன் பெற்ற அதிகாரியாக இருக்கணும். ராணுவத்துக்கு வெளியே இருந்து வந்தால், குதிரையை வச்சுப் பிழைக்க வேண்டிய அவசியம் இல்லாத கனவானாக இருக்கணும். சார்ஜென்ட் இந்த ரெண்டுலயும் வரமாட்டார். குதிரைக்குப் பயிற்சி கொடுக்கிறதுதான் அவர் வேலை, சம்பளம் அதுக்குத்தான். அதனால அவர் தொழில்காரர், அமெச்சூர் இல்லை.

ஸ்வீடன்காரங்க என்ன பண்ணாங்க? போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்னால பெர்சனை லெப்டினன்ட் ஆக்கினாங்க. போட்டி முடிஞ்ச கொஞ்ச நாளிலேயே மறுபடியும் சார்ஜென்ட் ஆக்கிட்டாங்க. இது எப்படி வெளியே வந்ததுன்னு ஒரு கதை உண்டு: பெர்சன் மைதானத்துக்கு அதிகாரி தொப்பிக்குப் பதிலாகத் தன் பழைய சார்ஜென்ட் தொப்பியைப் போட்டுக்கிட்டு வந்துட்டாராம், அதை யாரோ கவனிச்சுட்டாங்களாம். தொப்பிக் கதை எவ்வளவு தூரம் நிஜமோ, பதவி ஏறி இறங்கினது நிஜம். 1949இல் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு விசாரித்தது. ஸ்வீடனின் தங்கம் பறிபோனது. இரண்டாவதாக வந்த பிரான்ஸ் தங்கத்துக்கு நகர்ந்தது, அமெரிக்கா வெள்ளிக்கு, போர்ச்சுகல் வெண்கலத்துக்கு.

ஒரு விஷயத்தை யோசிச்சுப் பாருங்க. அந்த ஆள் சரியா குதிரை ஓட்டலைன்னு யாரும் சொல்லவில்லை. ஊக்கமருந்து இல்லை, நடுவருக்கு லஞ்சம் இல்லை. தோளில் இருந்த பட்டைதான் பிரச்சினை.

இன்னைக்கு நான் பேசப்போற ஆள் பெர்சன் இல்லை. அவர் வாசலில் நின்ற காவல்காரனை நமக்குக் காட்டிக் கொடுத்தவர், அவ்வளவுதான். பேசப்போறது டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்டெல் பற்றி. இணையத்தில் இவர் பெயரைத் தேடினால் "போலியோவை வென்ற வீராங்கனை" என்ற ஒரே கதைதான் வேறு வேறு சட்டை போட்டுக்கிட்டு வரும். அந்தக் கதை பொய் இல்லை. ஆனால் அதில் வில்லன் மாறிப்போயிருக்கான்னு எனக்குத் தோணுது.

முதல்ல இந்த விளையாட்டு என்னன்னு பார்த்துடலாம். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், குதிரையேற்றத்தில் 41 வருஷத்துக்குப் பிறகு இந்தியா ஒரு தங்கம் வாங்கியது ஞாபகம் இருக்கா? ரெண்டு பெண்கள், ரெண்டு ஆண்கள் இருந்த அணி. அதே ட்ரெஸ்ஸாஜ்தான். தாண்டுறது, பாயுறது எதுவும் இல்லை. 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் மணல் போட்ட ஒரு களம். ஓரத்தில் ஆங்கில எழுத்துகள் எழுதின அடையாளங்கள். இந்த எழுத்துக்கு வந்ததும் நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாறணும், அந்த எழுத்தில் நிக்கணும், இங்கே பக்கவாட்டில் நகரணும் என்று முன்கூட்டியே எழுதிவைத்த ஒரு பாடம். ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர்கள் 10க்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். உச்சக்கட்ட அசைவுகளில் ஒன்றின் பெயர் பியாஃப்: குதிரை ஓடும், ஆனால் கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்றபடியே ஓடும். முதல் முறை வீடியோவில் பார்த்தப்போ, பரதநாட்டிய வகுப்பில் தட்டடவு போடுற குழந்தைதான் எனக்கு ஞாபகத்துக்கு வந்தது.

இதையெல்லாம் குதிரையிடம் எப்படிச் சொல்வது? வாயைத் திறந்து பேசக் கூடாது. சொல்ல மூன்று வழிதான் இருக்கிறது. கையில் பிடித்திருக்கும் கடிவாள வார், சேணத்தில் உட்கார்ந்திருக்கும் உடம்பின் எடை, குதிரையின் விலாவை ஒட்டியிருக்கும் கால். இதில் கால்தான் அதிகம் பேசும். இடது காலை லேசா அழுத்தினால் ஒரு அர்த்தம், அதையே ஒரு சாண் பின்னால் வச்சு அழுத்தினால் வேற அர்த்தம். இந்த மொழியைக் குதிரைக்குக் கற்றுக்கொடுக்க வருஷக்கணக்கில் ஆகும். ஒலிம்பிக் தரத்துக்கு ஒரு குதிரையைக் கொண்டுவர, சேணம் பூட்டின நாளிலிருந்து அஞ்சாறு வருஷம் பிடிக்கும். தினமும் முக்கால் மணி, ஒரு மணி நேரம்தான் வேலை. அதுக்கு மேல போனா குதிரை களைச்சுப்போகும். அதுக்கு முன்னும் பின்னும் குளம்பைச் சுத்தம் பண்றது, தேய்ச்சு விடுறது, நடக்கவைத்து உடம்பைச் சூடாக்குறது, மறுபடியும் ஆற வைக்கிறது. ஒரு பயிற்சியாளரோட நாளில் பாதி இதுதான். டிவியில் வருகிற ஆறேழு நிமிஷத்துக்குப் பின்னால் இப்படி ஆயிரக்கணக்கான மணி நேரம் இருக்கிறது.

இந்தக் கலையில் உச்சப் பாராட்டு என்ன தெரியுமா? மேலே இருப்பவர் எதுவுமே செய்யவில்லை என்பதுபோலத் தெரிவதுதான். கால் உதறுவது தெரிந்தால், கை இழுப்பது தெரிந்தால் மதிப்பெண் போச்சு. இதை மனசுல வச்சுக்கோங்க, இனிமே வரப்போற கதைக்கு இது முக்கியம்.

லிஸ் ஹார்டெல் பிறந்தது 1921இல், கோபன்ஹேகனை ஒட்டிய ஹெல்லெரூப்பில். 1943இலும் 1944இலும் டென்மார்க்கின் ட்ரெஸ்ஸாஜ் சாம்பியன். அப்போ அவருக்கு 22, 23 வயசு. நாடு ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்தது. ஒலிம்பிக்ஸ் ரத்தாகியிருந்தது. 1944 செப்டம்பரில், ஜெர்மானியர்கள் டென்மார்க் போலீஸையே கைது செய்து முகாம்களுக்கு அனுப்பிய அதே மாதத்தில், இரண்டாவது குழந்தையைச் சுமந்திருந்த லிஸ்ஸுக்குப் போலியோ வந்தது.

இதைக் கேட்கிற உங்களில் நிறைய பேர் போலியோவை நேரில் பார்த்திருக்க மாட்டீங்க. இந்தியாவில் கடைசி நோயாளி பதிவானது 2011 ஜனவரியில். நமக்கு அது ஞாயிற்றுக்கிழமை சொட்டு மருந்து, சுண்டுவிரல்ல மை, அவ்வளவுதான். 1944இல் தடுப்பூசி கிடையாது. சால்க்கின் ஊசி வந்தது 1955இல்தான். காய்ச்சல் மாதிரி ஆரம்பிச்சு, சில நாளில் கை கால் விழுந்துடும். மூச்சு விடுற தசை விழுந்தா ஆளே போயிடுவார்.

லிஸ் பிழைத்தார். குழந்தை ஆரோக்கியமாகப் பிறந்தது. ஆனால் அவர் கை கால்களில் ஏறக்குறைய எல்லாமே முதலில் செயலிழந்திருந்தன. கையைத் தூக்குவதிலிருந்து ஆரம்பித்துத் தவழக் கற்றார், பிறகு ஊன்றுகோல். தொடையும் கையும் ஓரளவு திரும்பி வந்தன. முழங்காலுக்குக் கீழே மட்டும் திரும்பவே இல்லை, கடைசி வரைக்கும். குதிரை ஓட்டுறதை மறந்துடுங்கன்னுதான் சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள்.

அவர் மறுபடியும் ஏறினார். இன்னொருவர் தூக்கி உட்காரவைக்க வேண்டும், இறங்கவும் இன்னொருவர் வேண்டும். ஜூபிலி என்ற பெண் குதிரைதான் துணை. இங்கேதான் நான் கொஞ்சம் நிறுத்தி நிதானமா சொல்லணும், ஏன்னா "விடாமுயற்சி"ன்னு ஒரே வார்த்தையில எல்லாரும் தாண்டிப் போற இடம் இது. ட்ரெஸ்ஸாஜில் அதிகம் பேசுவது கால் என்றேன் இல்லையா? அந்த நாக்கே அவருக்குப் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே அசைவே இல்லாதவர் "இடது காலை லேசா அழுத்து" என்பதை எப்படிச் செய்வார்? அவர் மொழியையே மாற்றினார். முதுகாலும் இடுப்பாலும் எடையை அங்கே இங்கே நகர்த்திப் பேசினார். இடுப்பு எலும்பு ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் அது ஒரு சொல். முதுகு நிமிர்ந்தால் இன்னொரு சொல். இதைப் புரிந்துகொள்ள ஜூபிலியும் புதுசா படிக்க வேண்டியிருந்தது. மூணு வருஷத்தில், 1947இல், ஸ்காண்டிநேவிய அளவிலான போட்டியில் லிஸ் இரண்டாம் இடம் பிடித்தார்.

அடுத்த வருஷம் 1948. தொப்பி ஒலிம்பிக்ஸ். வட்டார அளவில் இரண்டாம் இடம் பிடித்த இந்த டென்மார்க் ரைடர் லண்டனில் இல்லை. காரணம் போலியோன்னு நினைப்பீங்க. இல்லை. அவருக்கு ரெண்டு காலும் கல்லு மாதிரி இருந்திருந்தாலும் அந்த வாசலுக்குள்ள விட்டிருக்க மாட்டாங்க. அவர் பெண். சார்ஜென்ட்டுக்கே இடமில்லாத களத்தில் பெண்ணுக்கு எங்கே இடம்? 1912இல் ஸ்டாக்ஹோமில் ட்ரெஸ்ஸாஜ் ஒலிம்பிக்குக்கு வந்ததிலிருந்தே அது குதிரைப்படை அதிகாரிகளின் விளையாட்டாகத்தான் இருந்தது. அணிவகுப்பில், போர்க்களத்தில் குதிரை சொன்ன பேச்சுக் கேட்குதான்னு சோதிக்கிறதுதான் அதோட வேர்.

அந்த வாசல் எப்படித் திறந்தது? மனசாட்சி விழிச்சுக்கிட்டதுன்னு சொல்ல எனக்கும் ஆசைதான். பெரிய காரணம் டாங்க்கி. ரெண்டு உலகப் போருக்குப் பிறகு படைகள் இயந்திரமயமாகி, குதிரைப்படைகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. அதிகாரிகளை மட்டும் நம்பினால் களத்தில் நிற்க ஆள் இருக்காது என்ற நிலை. பெர்சன் விவகாரத்தில் விதியின் அபத்தம் உலகத்துக்கே தெரிந்துபோனது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்கு விதி மாறியது: சார்ஜென்ட் வரலாம், படையில் இல்லாதவர்கள் வரலாம், ட்ரெஸ்ஸாஜில் பெண்களும் வரலாம். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்று இல்லாமல் ஒரே களம், ஒரே பட்டியல். அந்த வருஷம் வந்த பெண்கள் நாலே பேர். அதில் ஒருவர் லிஸ்.

அவர் பாடத்தை முடித்ததும் கிடைத்த மதிப்பெண் 541.5. ஸ்வீடனின் ஹென்றி செயின்ட் சீர் 561 எடுத்துத் தங்கம். பிரான்ஸின் ஆந்த்ரே ஜூசோம் 541, வெண்கலம். அதாவது லிஸ்ஸின் வெள்ளிக்கும் ஜூசோமின் வெண்கலத்துக்கும் நடுவில் அரை மதிப்பெண். 1948இல் இதே தனிநபர் போட்டியில் வெள்ளி வாங்கின அனுபவசாலி அந்த ஜூசோம். ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் தனிநபர் பதக்கம் வாங்கிய முதல் பெண் லிஸ்தான். மேடைக்குப் போக அவருக்குக் கைத்தாங்கல் வேண்டியிருந்தது. செயின்ட் சீர் கைகொடுத்தார். பார்த்துக்கொண்டிருந்த பலருக்கு அவர் கால்களின் நிலைமை தெரிந்ததே அப்போதுதான் என்று சொல்வார்கள்.

எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். கால் வேலை செய்வது வெளியே தெரியக் கூடாது என்பதுதான் இந்தக் கலையின் லட்சியம் இல்லையா? வேலையே செய்யாத காலை வச்சுக்கிட்டு ஒருத்தர் அதே லட்சியத்தைத் தொட்டுட்டார். மேலே இருக்கும்போது வித்தியாசம் தெரியலை. கீழே இறங்கினதும்தான் தெரிஞ்சது.

அப்புறம் நம்ம பெர்சன்? 1952இல் ஸ்வீடன் அணியில் அவரும் இருந்தார், இந்த முறை ஒளிவுமறைவு இல்லாமல். 1948இல் தங்கத்தைப் பறிகொடுத்த அதே மூவர், செயின்ட் சீர், போல்டன்ஸ்டர்ன், பெர்சன், மறுபடியும் அணித் தங்கம் வாங்கினார்கள். 1956இலும் அதே மூவர், அதே தங்கம்.

லிஸ் வெள்ளியோடு ஊர் திரும்பிய அந்தக் கோடையில் கோபன்ஹேகனில் என்ன நடந்தது என்பதையும் சொல்லணும். அந்த நகரத்தின் வரலாற்றிலேயே மிக மோசமான போலியோ அலைகளில் ஒன்று 1952 ஜூலையில் தொடங்கியிருந்தது. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுவிட முடியாத நோயாளிகள் வந்து குவிந்தார்கள். மருத்துவமனையிடம் இருந்தது ஒரே ஒரு இரும்பு நுரையீரலும், மார்பில் கவசம் மாதிரி மாட்டுகிற ஆறு கருவிகளும்தான். ஆகஸ்ட் கடைசியில் பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டு, குழாய் போட்டு, ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கி அவளுக்கு மூச்சு கொடுத்தார். அவள் பிழைத்தாள். சரி, மத்தவங்களுக்கு? பையை அமுக்க ஆள் வேணுமே. மருத்துவ மாணவர்களைக் கூப்பிட்டார்கள். சுமார் 1,500 மாணவர்கள் ஷிஃப்ட் போட்டு, ராத்திரி பகலா, மாதக்கணக்கில் கையாலேயே அந்தப் பைகளை அமுக்கினார்கள். இன்னைக்கு எல்லா ஊர்லயும் இருக்கிற ஐசியூவுக்கு அது ஒரு தொடக்கப் புள்ளின்னு மருத்துவ வரலாற்றுக்காரர்கள் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட நேரத்தில், எட்டு வருஷத்துக்கு முன்னால் அதே நோயில் விழுந்த ஒரு பெண் ஒலிம்பிக் பதக்கத்தோடு பத்திரிகைகளில் சிரிச்சுக்கிட்டு நிக்கிறார். குழந்தையை ஆஸ்பத்திரியில் விட்டுட்டு வெளியே காத்திருந்த ஒரு அம்மாவுக்கு அந்தப் படம் என்ன சொல்லியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

1956 ஒலிம்பிக்ஸ் மெல்போர்னில். ஆனால் ஆஸ்திரேலியாவின் கால்நடைத் தனிமைப்படுத்தல் சட்டம் ரொம்பக் கறார். வெளிநாட்டுக் குதிரைகளை மாதக்கணக்கில் அடைத்து வைக்கணும். அதனால் குதிரைப் போட்டிகளை மட்டும் பிரித்து ஜூன் மாதம் ஸ்டாக்ஹோமில் நடத்தினார்கள். மெல்போர்ன் தொடங்கியது நவம்பரில்! செயின்ட் சீர் 860, லிஸ் 850, ஜெர்மனியின் லீசெலோட் லின்சன்ஹோஃப் 832. மறுபடியும் லிஸ்ஸுக்கு வெள்ளி, மறுபடியும் ஜூபிலி மேல். இந்தத் தடவை மேடையில் மூன்றில் இரண்டு பேர் பெண்கள். நடுவர்கள் விஷயத்தில் பெரிய ரகளை ஆனது. ஸ்வீடன் நடுவர் ஸ்வீடன்காரர்களைத் தூக்கிவிட, ஜெர்மன் நடுவர் ஜெர்மானியர்களைத் தூக்கிவிட, ரெண்டு பேர் மேலும் பிறகு நடவடிக்கை வந்தது. லிஸ்ஸுக்குத் தங்கம் போனது இதனாலதான்னு சில பேர் சொல்வாங்க. நான் அதை வாங்கிக்கலை. செயின்ட் சீர் அந்தக் காலத்தின் ஆகச் சிறந்த ரைடர்களில் ஒருவர். ரெண்டு ஒலிம்பிக்கிலும் ஜெயிச்சவர்.

போட்டியை விட்ட பிறகு லிஸ் என்ன செய்தார் என்பது பதக்கங்களை விடப் பெரிய கதை. குதிரைகளையும் மனிதர்களையும் பயிற்றுவித்தார். போலியோ நோயாளிகளுக்குப் பணம் திரட்டச் செயல்விளக்க நிகழ்ச்சிகளில் குதிரையேறிக் காட்டினார். உல்லா ஹார்பொத் என்ற உடற்பயிற்சிச் சிகிச்சையாளரோடு சேர்ந்து, குதிரையேற்றத்தையே சிகிச்சையாக மாற்றும் வேலையில் இறங்கினார். இதில் மாயமந்திரம் எதுவும் இல்லை. குதிரை நடக்கும்போது அதன் முதுகு மேலும் கீழும், பக்கவாட்டிலும், முன்னும் பின்னும் அசையும். மேலே உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு அந்த அசைவை வாங்கிக்கொள்கிறது. மனுஷன் தன் காலால் நடக்கும்போது இடுப்பு எப்படி அசையுமோ, கிட்டத்தட்ட அதே அசைவு. நடக்க முடியாதவரின் உடம்புக்கு நடை எப்படி இருக்கும் என்பதைக் குதிரை ஞாபகப்படுத்துகிறது. விழாமல் இருக்க முதுகுத் தசைகள் தாமாகவே வேலை செய்கின்றன. லிஸ் எடையாலும் முதுகாலும் ஜூபிலியோடு பேசக் கண்டுபிடித்த அதே பாதைதான், இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து.

இதெல்லாம் பதக்கம் இல்லாமலேயே நடந்திருக்கலாமேன்னு கேட்கலாம். நடந்திருக்கலாம். ஆனா ஒரு டாக்டரிடம் போய், நடக்க முடியாத குழந்தையைக் குதிரை மேல ஏத்துங்கன்னு 1940களில் சொல்லியிருந்தா என்ன பதில் வந்திருக்கும்? ஹெல்சிங்கிக்குப் பிறகு அந்தப் பேச்சை ஆரம்பிக்க ஒரு உதாரணம் கையில் இருந்தது. விதி மட்டும் மாறாம இருந்திருந்தா, லிஸ் டென்மார்க்கில் சில பேருக்கு மட்டும் தெரிந்த நல்ல ரைடராக முடிந்திருப்பார். அதனாலதான் வில்லன் மாறிப்போயிருக்கான்னு சொன்னேன். போலியோவோட அவர் மோத முடிஞ்சது. விதியோட மோத அவருக்குக் களமே கிடையாது. அது வெளியே, அதிகாரிகள் உட்கார்ந்த மேசையில், வேற காரணங்களுக்காக மாறுற வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

1972இல் மியூனிக்கில், 1956இல் லிஸ்ஸுக்குப் பக்கத்தில் வெண்கலத்தோடு நின்ற லின்சன்ஹோஃப், ட்ரெஸ்ஸாஜ் தனிநபர் தங்கத்தை வாங்கிய முதல் பெண் ஆனார். குதிரையின் பெயர் என்ன தெரியுமா? பியாஃப்! 1988 சியோலில் தனிநபர் மேடையில் நின்ற மூன்று பேரும் பெண்கள். ஒரு காலத்தில் பெண்ணே நுழையக் கூடாதுன்னு சொன்ன போட்டி.

லிஸ் ஹார்டெல் 2009 பிப்ரவரியில், 87 வயதில் இறந்தார். அதற்கு 13 வருஷம் முன்பே, 1996 அட்லாண்டா பாராலிம்பிக்ஸில் ட்ரெஸ்ஸாஜ் சேர்ந்துவிட்டது. அங்கே போட்டியாளர்களை உடலின் இயக்க நிலைக்கேற்ப வகுப்புகளாகப் பிரிப்பார்கள். மிகக் கடுமையான பாதிப்பு உள்ளவர்களின் வகுப்பில் இன்றைக்குக் குதிரை ஓடவே வேண்டாம், நடந்தால் போதும். அந்த நடைக்கும் 10க்கு இத்தனை என்று மதிப்பெண். யாராவது தூக்கி உட்காரவைக்கலாம், சேணத்தில் தேவையான மாற்றங்கள் செய்துகொள்ளலாம். அதெல்லாம் இப்போ விதிப் புத்தகத்திலேயே இருக்கு.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.